அணைக்குள் ஓடும் ஓசை
அளவு சுத்தமாக இருந்தால் அச்சமும் குறையும், சண்டையும் குறையும்

பானை வாங்கப் போகிறவர்கள் அதைத் தட்டிப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். கணீர் என்று ஒலித்தால் நல்ல பானை. 'டொக்' என்று அடங்கிப் போனால் எங்கோ விரிசல் இருக்கிறது. தேங்காயையும் அப்படித்தான் பார்க்கிறார்கள். பலாப்பழத்தையும் அப்படித்தான். உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியாது. ஓசை அதைக் காதுக்குச் சொல்லிவிடுகிறது.

கான்கிரீட்டையும் இப்படித் தட்டிப் பார்க்க ஒரு கருவி இருக்கிறது. ஆனால் அது எழுப்பும் ஓசை யார் காதிலும் விழாது. மனிதக் காது நொடிக்கு 20 ஆயிரம் அதிர்வு வரைதான் கேட்கும். இந்தக் கருவியின் ஓசை பெரும்பாலும் நொடிக்கு 54 ஆயிரம் அதிர்வு. ஆகவே இதற்கு 'கேளா ஒலி' என்று பெயர். ஆஸ்பத்திரியில் கர்ப்பிணிப் பெண்களுக்கு ஸ்கேன் எடுக்கிறார்களே, அந்த இனத்தைச் சேர்ந்த ஒலிதான் இது. அந்த ஸ்கேனின் அதிர்வு இதைவிடப் பல மடங்கு அதிகம். அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த ஓசை தேனி மாவட்டத்துக்கும் கம்பம் பள்ளத்தாக்குக்கும் மிகவும் வேண்டியது. ஏன் என்றால், இந்தப் பள்ளத்தாக்கின் சோறே ஒரு பழைய சுவரை நம்பித்தான் இருக்கிறது. அந்தச் சுவர்தான் முல்லைப் பெரியாறு அணை. 'அது பலமாக இருக்கிறது' என்று ஒரு பக்கம் சொல்கிறது. 'இல்லை, பயமாக இருக்கிறது' என்று இன்னொரு பக்கம் சொல்கிறது. சுவரைக் கேட்டால் சுவர் என்ன சொல்லும்?

சுவர் சொல்லத் தயாராகத்தான் இருக்கிறது. கேட்கத் தெரிந்தவர்கள், சுத்தமாகக் கேட்க வேண்டும்.

ஓசை எப்படிப் பேசுகிறது?

கருவி சின்னதுதான். ஒரு பெட்டி. அதிலிருந்து இரண்டு கம்பிகள். கம்பிகளின் நுனியில் கைக்கு அடக்கமான இரண்டு உருளைகள். ஒன்று ஓசையை அனுப்பும். மற்றொன்று வாங்கும். ஒரு தூணைச் சோதிக்க வேண்டுமானால், தூணின் இந்தப் பக்கம் ஒரு உருளை, நேர் எதிர்ப்பக்கம் ஒரு உருளை. நடுவில் காற்று நுழையாமல் இருக்கக் கிரீஸ் தடவுவார்கள். ஸ்கேன் எடுக்கும்போது வயிற்றில் ஒரு களிம்பு தடவுவதும் இதற்காகத்தான்.

பொத்தானை அழுத்தியதும் ஓசை தூணுக்குள் பாய்ந்து மறுபக்கம் வருகிறது. எவ்வளவு நேரம் ஆனது என்று பெட்டி காட்டுகிறது. ஒரு நொடியைப் பத்து லட்சம் பங்காகப் போட்டால் வரும் ஒரு பங்குக்கு மைக்ரோ நொடி என்று பெயர். அந்தக் கணக்கில் காட்டும். தூணின் கனத்தை இந்த நேரத்தால் வகுத்தால் ஓசையின் வேகம் கிடைக்கும்.

கான்கிரீட் கெட்டியாக இருந்தால் ஓசை நேராக ஓடும். வேகம் அதிகமாக இருக்கும். உள்ளே பொந்து இருந்தால், ஓசை அதைச் சுற்றிக்கொண்டு வரும். நேரம் கூடும். வேகம் குறையும். ஜல்லியும் சிமெண்ட் கலவையும் சேராமல் உள்ளே ஓட்டை ஓட்டையாக இருப்பதைக் கட்டட வேலைக்காரர்கள் தேன்கூடு என்பார்கள். தேனி மாவட்டத்தில் தேன்கூடு மலையில் இருக்கலாம். தூணில் இருக்கக் கூடாது.

1992-ல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐ.எஸ். 13311 என்ற விதியை வெளியிட்டது. நொடிக்கு நாலரை கிலோ மீட்டருக்கு மேல் ஓசை ஓடினால் கான்கிரீட் மிக நன்று. மூன்றரையிலிருந்து நாலரை வரை என்றால் நன்று. மூன்றிலிருந்து மூன்றரை வரை நடுத்தரம். மூன்றுக்குக் கீழே போனால் சந்தேகம். 2018-ல் இதற்குப் பதிலாக ஐ.எஸ். 516 வரிசையில் புதிய விதி வந்துவிட்டது. என்றாலும் விஷயத்தைப் புரிந்துகொள்ள இந்தப் பழைய படிகளே எளிது.

இந்த முறை பிறந்ததே அணைகளுக்காகத்தான். 1940-களின் பிற்பகுதியில் கானடா நாட்டில், ஒன்டாரியோ மாகாண நீர்மின் நிறுவனத்தைச் சேர்ந்த லெஸ்லி, சீஸ்மன் என்ற இருவர் 'சோனிஸ்கோப்' என்ற கருவியைச் செய்தார்கள். அணைகளில் விழுந்த விரிசல் எவ்வளவு ஆழம் என்று அறிவதுதான் அவர்கள் நோக்கம். ஏறக்குறைய அதே காலத்தில் இங்கிலாந்தில் சாலை ஆராய்ச்சிக் கூடத்தில் ஜோன்ஸ் என்பவர் கான்கிரீட் பாளங்களைச் சோதிக்கும் வழியைக் கண்டார். ஆக, இது ஒன்றும் நேற்று முளைத்த வித்தை அல்ல.

கருவி பொய் சொல்லுமா?

கருவி பொய் சொல்லாது. ஆனால் கேட்பவர் தவறாகக் கேட்டால், தவறான பதிலைத்தான் தரும். இதுதான் இங்கே கவனிக்க வேண்டிய இடம்.

ஒரு தூண். அதன் கனம் 28 சென்டிமீட்டர். ஓசை கடக்க 83 மைக்ரோ நொடி ஆனது. கணக்குப் போட்டால் வேகம் 3.37 கிலோ மீட்டர். அதாவது நடுத்தரம். ஆனால் சோதித்தவர் டேப்பை வைத்து அளக்கவில்லை. வரைபடத்தில் 30 சென்டிமீட்டர் என்று இருந்ததை அப்படியே எழுதிக்கொண்டார். இப்போது கணக்குப் போடுங்கள். வேகம் 3.61. அதாவது நன்று! இரண்டு சென்டிமீட்டர் வித்தியாசத்தில் சுமாரான தூண் நல்ல தூணாகிவிட்டது. பல ஆயிரம் ரூபாய்க் கருவி வைத்திருந்து என்ன பயன்? பத்து ரூபாய் டேப்பில் கோட்டை விட்டார்கள்.

கிரீஸ் விஷயத்துக்கு வருவோம். கிரீஸ் போதவில்லை, அல்லது சுவர் கரடுமுரடாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மறுபக்கம் வரும் ஓசை மெலிந்து வரும். ஓசை அலை அலையாக வருவது. முதல் அலை மிகவும் மெலிந்திருந்தால் கருவி அதைக் கவனிக்காமல் விட்டுவிடும். அடுத்த அலையைப் பிடித்துக்கொள்ளும். ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையே சுமார் 18 மைக்ரோ நொடி. 30 சென்டிமீட்டர் தூணில் 75 மைக்ரோ நொடி என்று வர வேண்டியது 93 என்று வந்துவிடும். வேகம் நாலு கிலோ மீட்டரிலிருந்து 3.2-க்கு இறங்கிவிடும். இங்கே நல்ல தூண் சுமாரான தூணாகி, ஒன்றும் அறியாத கொத்தனார் திட்டு வாங்குவார்.

இதற்குப் பரிகாரம் உண்டு. இப்போது வரும் நல்ல கருவிகள் எண்ணை மட்டும் காட்டுவதில்லை. அலையையே திரையில் படமாகக் காட்டுகின்றன. முதல் அலை எங்கே தொடங்குகிறது என்று கண்ணால் பார்த்துக் குறிக்கலாம். எண்ணை மட்டும் பார்த்து எழுதுவது குருட்டு வேலை.

இரும்புக் கம்பி இன்னொரு ஏமாற்று. இரும்பில் ஓசை நொடிக்கு ஆறு கிலோ மீட்டர் அளவுக்கு ஓடும். ஓசை போகும் வழியிலேயே கம்பி நீளவாக்கில் படுத்திருந்தால், ஓசை கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்துவிடும். மட்டமான கான்கிரீட்டும் மேலானது போலத் தோன்றும். ஆகவே கம்பி எங்கே இருக்கிறது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அதற்குத் தனிக் கருவி உண்டு. கம்பியை விலக்கித்தான் சோதிக்க வேண்டும்.

ஈரமும் அப்படித்தான். ஈரமான கான்கிரீட்டில் ஓசை கொஞ்சம் வேகமாக ஓடும். அதைவிட மோசம், விரிசலில் தண்ணீர் நிற்பது. காய்ந்த விரிசலை ஓசையால் தாண்ட முடியாது. சுற்றிக்கொண்டுதான் வரும். அதனால் விரிசல் காட்டிக் கொடுக்கப்படுகிறது. விரிசலில் தண்ணீர் நிறைந்திருந்தாலோ, ஓசை அதன் வழியாகவே கடந்துவிடும். விரிசலின் ஆழம் மறைந்துவிடும்.

தராசுக்கு முத்திரை போட்ட படிக்கல் இருப்பது போல, இந்தக் கருவிக்கும் ஒரு உலோகத் தண்டு உண்டு. ஓசை அதைக் கடக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று தண்டின் மேலேயே பொறித்திருக்கும். வேலையைத் தொடங்கும்போது கருவி அந்த எண்ணைக் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். இது இரண்டு நிமிட வேலை. அவசரத்தில் இந்த இரண்டு நிமிடத்தைத்தான் முதலில் வெட்டுகிறார்கள்.

சாதாரண தூண் அல்ல

ஒரு தூணுக்கே இவ்வளவு கவனம் வேண்டும் என்றால் அணைக்கு எவ்வளவு வேண்டும்?

1886 அக்டோபர் 29-ல் திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கும் ஆங்கில அரசாங்கத்துக்கும் 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் ஆயிற்று. 1887-ல் வேலை தொடங்கியது. என்ஜினீயர் ஜான் பென்னிகுவிக் தலைமையில் வெள்ளத்தோடும் காய்ச்சலோடும் போராடி ஜனங்கள் கட்டினார்கள். 1895-ல் அணை திறக்கப்பட்டது. மேற்கே ஓடிய ஆற்றைத் தடுத்து, மலையைக் குடைந்து, கிழக்கே திருப்பினார்கள். லோயர் கேம்ப் வழியாக இறங்கும் அந்தத் தண்ணீரில்தான் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோகம் விளைகிறது. மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் வரை அதன் ஈரம் போகிறது. இங்கே பல கிராமங்களில் பென்னிகுவிக் பிறந்த ஜனவரி 15-ந் தேதி பொங்கல் வைப்பதும், பிள்ளைகளுக்கு அவர் பெயர் வைப்பதும் சும்மா அல்ல.

அணையின் உயரம் 176 அடி. நீளம் 1,200 அடி. அடியில் அகலம் 40 மீட்டருக்கு மேல். இதில் முக்கியமான விஷயம், இது சிமெண்ட் அணை அல்ல. முன்னும் பின்னும் கல் கட்டு. நடுவில் சுண்ணாம்பும் சுர்க்கியும் ஜல்லியும் சேர்ந்த கான்கிரீட். சுர்க்கி என்பது சுட்ட செங்கல்லின் பொடி.

அதன் பிறகு வந்த வைத்தியங்களும் பல. 1930-களிலும் 1960-லும் அணையில் துளையிட்டுச் சிமெண்ட் கரைசலைச் செலுத்தினார்கள். 1979-ல் கேரளத்தில் அணையைப் பற்றிப் பெரிய அச்சம் எழுந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில்தான் குஜராத்தில் மச்சு அணை உடைந்து மோர்பி நகரம் மூழ்கியது. அந்த நேரத்தில் எந்த அணைக்குக் கீழே இருந்தவருக்கும் தூக்கம் வந்திருக்காது. மத்திய நீர்வள ஆணையத்தின் யோசனைப்படி நீர்மட்டம் 136 அடியாக இறக்கப்பட்டது. அணையின் தலையில் கான்கிரீட் தொப்பி போட்டார்கள். மேலிருந்து அடிப்பாறை வரை எஃகு வடங்களை இறக்கி இறுக்கினார்கள். பின்பக்கம் புதிய கான்கிரீட்டால் முட்டுக் கொடுத்தார்கள்.

ஆகவே இந்த அணையின் உள்ளே சுண்ணாம்பு இருக்கிறது, கல் இருக்கிறது, பழைய சிமெண்ட் கரைசல் இருக்கிறது, எஃகு இருக்கிறது, புதிய கான்கிரீட் இருக்கிறது. இதன் முதுகில் கருவியை வைத்து, ஓசையின் வேகத்தை எடுத்து, 1992-ம் வருஷத்துப் படிகளோடு ஒப்பிட்டால் என்ன அர்த்தம்? ஒன்றும் இல்லை. அந்தப் படிகள் சிமெண்ட் கான்கிரீட்டுக்கு எழுதியவை. சுண்ணாம்புக்கு எழுதியவை அல்ல. பாட்டியின் ஓட்டத்தைப் பள்ளிப் பையனின் ஓட்டப் பந்தயக் கணக்கால் அளக்கக் கூடாது.

இன்னொன்றும் உண்டு. முன்பக்கம் தண்ணீரில் இருக்கிறது. கருவியைக் கைக்கு எட்டும் பின்பக்கத்தில்தான் எளிதாக வைக்க முடியும். ஒரே முகத்தில் இரண்டு உருளைகளையும் வைத்தால் ஓசை மேல்தோலில்தான் ஓடும். உள் உடம்பைத் தொடாது. அப்படி எடுக்கும் வேகம், எதிரெதிரே வைத்து எடுக்கும் வேகத்தைவிட 5 முதல் 20 சதவீதம் வரை குறைவாகவும் இருக்கும். பின்பக்கத்தில் எங்கே புதிய கான்கிரீட் முட்டுக் கொடுத்திருக்கிறதோ, அங்கே சோதிப்பவர் பென்னிகுவிக் கட்டிய அணையைச் சோதிக்கவில்லை. பிற்காலத்தில் போட்ட முட்டைத்தான் சோதிக்கிறார்! அந்த எண் உயர்ந்திருந்தால் இந்தப் பக்கத்தார் மார்தட்டுவதற்கும் நியாயம் இல்லை. தாழ்ந்திருந்தால் அந்தப் பக்கத்தார் அலறுவதற்கும் நியாயம் இல்லை.

54 ஆயிரம் அதிர்வு ஓசை இவ்வளவு அகலமான சுவரைக் கடந்தும் போகாது. வழியிலேயே கரைந்துவிடும். தூரம் கூடக் கூட அதிர்வு எண்ணைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். பெரிய அணைகளில் துளைகளை இறக்கி, ஒரு துளைக்குள் தட்டி, மற்றொரு துளைக்குள் கேட்பார்கள். பல இடத்தில் தட்டிப் பல இடத்தில் கேட்டு, அந்த நேரங்களை எல்லாம் கம்ப்யூட்டரில் போட்டால், உள்ளே எங்கே கெட்டி, எங்கே தொய்வு என்று படமாக வரும். ஆனால் அதிர்வு எண் குறையும்போது அலை நீளமாகிவிடும். சாதாரணக் கருவியின் அலையே ஏறக்குறைய ஏழரை சென்டிமீட்டர். அணைக்கு ஏற்ற ஓசையில் அது மீட்டர் கணக்குக்கு நீண்டுவிடும். அலையைவிடச் சின்னப் பொந்தை அலை பார்க்காது. தூரம் வேண்டுமானால் நுட்பம் குறையும். நுட்பம் வேண்டுமானால் தூரம் குறையும். இதை மாற்ற யாராலும் முடியாது.

அணையை அணையோடு ஒப்பிடுங்கள்

அப்படியானால் துல்லியத்துக்கு வழியே இல்லையா? இருக்கிறது. மிகவும் எளிய வழி.

குழந்தைக்கு எடை போடும் செவிலியைப் பாருங்கள். 'இந்தக் குழந்தை உலகத்திலேயே பலசாலியா?' என்று அவர் கேட்பதில்லை. போன மாதம் எவ்வளவு, இந்த மாதம் எவ்வளவு என்றுதான் பார்க்கிறார். அதே தராசு, அதே அட்டை. கூடியிருந்தால் சந்தோஷம். குறைந்திருந்தால் உடனே டாக்டர்.

முல்லைப் பெரியாறு அணைக்கும் அப்படி ஒரு அட்டை வேண்டும். சோதிக்கும் இடங்களில் அழியாத குறி பதிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அதே குறியில்தான் உருளையை வைக்க வேண்டும். அதே கருவி, அல்லது அதே தண்டில் சரிபார்த்த கருவி. முக்கியமாக, அதே பருவம். ஒரு வருஷம் கோடையில் சோதித்து, மறு வருஷம் ஐப்பசி மழையில் சோதித்தால், அணை மாறியதா, ஈரம் மாறியதா என்று தெரியாது. மே மாதத்தில் நீர்மட்டம் இறங்கியிருக்கும்போது ஒரு சோதனை. அணை நிறைந்திருக்கும்போது ஒரு சோதனை. ஆண்டுதோறும் இதே போல. அப்போது ஒரு இடத்தில் மட்டும் வேகம் இறங்கிக்கொண்டே வந்தால், அதை எந்த வக்கீலாலும் மறைக்க முடியாது. எல்லா இடத்திலும் வேகம் அப்படியே நின்றால், அதை எந்தப் புரளியாலும் கெடுக்க முடியாது.

ஓசை மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். வேகத்தை வைத்து 'இந்தக் கான்கிரீட் இவ்வளவு பாரம் தாங்கும்' என்று நேரடியாகச் சொல்லக் கூடாது. அதே பொருளில் செய்த மாதிரிகளை உடைத்துப் பார்த்து ஒப்புக் கணக்குப் போட்ட பிறகும், 20 சதவீதம் முன்னே பின்னே இருக்கும். ஆகவே ஓசை 'இங்கே பார்' என்று காட்டும் இடத்தில், சில துளைகள் மட்டும் இட்டு மாதிரி எடுத்து, உடைத்துப் பார்க்க வேண்டும். அந்த மாதிரியிலேயே ஓசையையும் ஓட விட்டால், சுண்ணாம்பு சுர்க்கிக்கு என்று தனிப் படி கிடைத்துவிடும். அப்புறம் சிமெண்ட் படிகளைக் கடன் வாங்க வேண்டியதில்லை. அணையிலிருந்து கசியும் தண்ணீரின் அளவையும், அதில் கரைந்து வரும் சுண்ணாம்பையும் சேர்த்துப் பார்த்தால் படம் முழுமையாகும்.

இந்த அணையை நிபுணர்கள் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. 2010-ல் சுப்ரீம் கோர்ட்டு, முன்னாள் தலைமை நீதிபதி ஏ.எஸ். ஆனந்த் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. இரு மாநிலங்களின் சார்பிலும் அதில் நீதிபதிகள் இருந்தார்கள். தண்ணீருக்கு அடியில் காமிராக் கருவியை அனுப்பிச் சுவரைப் பார்த்தார்கள். துளையிட்டு மாதிரி எடுத்தார்கள். 2012 ஏப்ரலில் குழு அறிக்கை தந்தது. அணை பாதுகாப்பாக இருக்கிறது என்பது முடிவு. 2014 மே 7-ந் தேதி, 142 அடி வரை தண்ணீர் தேக்கலாம் என்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. அந்த நவம்பரிலேயே நீர்மட்டம் 142 அடியைத் தொட்டது. முப்பத்தைந்து ஆண்டு கழித்து வந்த தண்ணீர்!

தீர்ப்பு வந்தது. ஆனாலும் ஒவ்வொரு மழைக்கும் கீழே வண்டிப்பெரியாறு பக்கம் உள்ள குடும்பங்கள் பயப்படுகின்றன. ஒவ்வொரு பயத்துக்கும் கூடலூர், கம்பம் பக்கம் உள்ள விவசாயிகள் பதறுகிறார்கள். 'மறுபடியும் 136 என்று சொல்லிவிடுவார்களோ? இரண்டாம் போகம் போய்விடுமோ?' இருவருமே பாடுபட்டுப் பிழைக்கிறவர்கள். இருவருக்கும் பகை இல்லை. எலி ஓடினாலும் புலி என்று நினைக்க வைக்கிறது, தெரியாமை.

பள்ளத்தாக்கில் சிலர், 'அணைதான் பலமாக இருக்கிறதே, எதற்குத் திரும்பத் திரும்பச் சோதனை?' என்று கேட்கிறார்கள். அவர்கள் கோபம் நியாயமானது. சோதனை என்ற பெயரில் தண்ணீரைக் குறைக்கப் பார்ப்பார்கள் என்ற சந்தேகம் அவர்களுக்கு. ஆனால் இந்தச் சந்தேகத்துக்கு மருந்து, சோதனையை மறுப்பது அல்ல. சோதனையைச் சுத்தமாகச் செய்யச் சொல்வதுதான். பலமான அணை சோதனைக்குப் பயப்பட வேண்டியதில்லை. அரைகுறைச் சோதனைக்குத்தான் பயப்பட வேண்டும். அரைகுறைச் சோதனை பலமான அணையையும் நோயாளி என்று சொல்லிவிடும். கிரீஸ் போதாத தூணின் கதை இதுதான்.

அதே போல், 'வயசாகிவிட்டது, ஆகவே ஆபத்து' என்று சொல்கிறவர்களும் ஒன்றை யோசிக்க வேண்டும். வயசு ஒரு அளவுகோல் அல்ல. காவிரியில் கல்லணை எத்தனை நூற்றாண்டாக நிற்கிறது? 2014 ஜூன் 28-ந் தேதி சென்னை மவுலிவாக்கத்தில் பதினோரு மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் மாண்டார்கள். அது கிழக் கட்டடமா? கட்டி முடியாத புதுக் கட்டடம்!

வீட்டுக்கும் பள்ளிக்கும்

மவுலிவாக்கத்தை நினைத்தால் அணையை விட்டு ஊருக்குள்ளும் பார்க்க வேண்டியிருக்கிறது. தேனியிலும் போடியிலும் சின்னமனூரிலும் மாடி மேல் மாடி எழுகிறது. ஊருக்கு ஊர் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி நிற்கிறது. தொட்டியின் கால்களுக்கு நடுவே பிள்ளைகள் விளையாடுகிறார்கள். இவைதான் இந்தக் கருவிக்கு மிகவும் பொருத்தமான இடம். தொட்டியின் கால் சின்னது. இரண்டு பக்கமும் கை எட்டும். ஓசை நேராகப் போய் நேராக வரும். அணையில் உள்ள சங்கடம் ஒன்றும் இங்கே இல்லை.

ஆனால் எப்போது சோதிக்கிறார்கள்? பெரும்பாலும் காரை உதிர்ந்து, கம்பி துருப்பிடித்து வெளியே தெரிந்த பிறகு. அப்போது எதற்குக் கருவி? கண்ணே போதுமே! கட்டி முடித்த வருஷமே ஒரு முறை ஓசையை ஓட விட்டு, எண்களைப் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். அதுதான் அந்தக் கட்டடத்தின் பிறந்த நாள் எடை. இருபது வருஷம் கழித்து யாராவது சோதித்தால், ஒப்பிட ஒரு எண் இருக்கும். இன்று பழைய கட்டடங்களைச் சோதிக்கும் என்ஜினீயர்களுக்குப் பெரிய தலைவலியே, பிறந்தபோது எடை எவ்வளவு என்று எழுதிய அட்டை இல்லாததுதான்.

வீடு கட்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. சோதனை செய்ய யாராவது வந்தால், பக்கத்தில் நின்று பாருங்கள். படிப்பு வேண்டியதில்லை. தூணின் மேல் பூசிய பூச்சைச் சுரண்டி எடுத்தாரா? கனத்தை டேப்பால் அளந்தாரா? தண்டில் கருவியைச் சரிபார்த்தாரா? கம்பி எங்கே என்று தேடினாரா? ஒரே இடத்தில் மூன்று முறை எடுத்தாரா? மூன்றும் ஒட்டி வந்ததா? இவ்வளவும் கண்ணால் பார்க்கக்கூடியவை. வாய்க்கால் பங்கீட்டில் அரை அங்குலம் தப்பினாலும் கண்டுபிடிக்கிற பள்ளத்தாக்கு விவசாயிக்கு இது பெரிய காரியமா?

அட்டை எல்லோர் கையிலும்

மீண்டும் அணைக்கு. சோதனையை யார் செய்வது என்பதில்தான் சண்டை வருகிறது. ஒரு மாநிலம் செய்தால் மற்றது நம்பாது. மத்திய நிபுணர்கள் செய்தால் இரண்டும் அரை மனதோடு நம்பும். இதற்கு ஒரே வழி, இரு மாநில என்ஜினீயர்களும் சேர்ந்து நிற்பது. ஒருவர் அனுப்பும் உருளையைப் பிடிக்கட்டும். மற்றவர் வாங்கும் உருளையைப் பிடிக்கட்டும். திரையில் தெரியும் அலையை இருவரும் பார்த்து, முதல் அலை இதுதான் என்று ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடட்டும். அன்றே போடட்டும். அலுவலகத்துக்குப் போய், எழுதி, திருத்தி, மூன்று மாதம் கழித்து வரும் தாளை யார் நம்புவார்கள்?

அறிக்கையில் 'நன்று', 'சுமார்', 'சந்தேகம்' என்ற வார்த்தைகளை மட்டும் போட்டால் போதாது. வார்த்தையைப் பிடித்துக்கொண்டு இரு பக்கமும் வாதாடலாம். கருவி காட்டிய நேரத்தையும் அளந்த தூரத்தையும் அப்படியே போட வேண்டும். வகுத்துப் பார்ப்பது பள்ளிக்கூடப் பையனுக்கும் தெரியும்.

அந்தத் தாள் தமிழிலும் மலையாளத்திலும் அச்சாகி, லோயர் கேம்பிலும் ஒட்டப்பட வேண்டும், வண்டிப்பெரியாற்றிலும் ஒட்டப்பட வேண்டும். மேலே தேதி. அதற்குக் கீழே அன்றைய நீர்மட்டம். மழை பெய்ததா, வெயிலா. தண்டில் கருவி காட்டிய எண். பிறகு குறி ஒன்று, குறி இரண்டு என்று வரிசையாக, இந்த வருஷத்து நேரம், அதன் பக்கத்திலேயே போன வருஷத்து நேரம்.